ஆறு விசிறியும் ஒரு ஆம்பியரும்

சாப்பாட்டு மேசையில் ஆறு விசிறிகள் கிடந்தன. விரித்த கை அளவு, சதுரச் சட்டம், கறுப்பு நிறம், இறக்கை மட்டும் பால் வெள்ளை. கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் மாட்டுகிறவை. பக்கத்தில் ஆரஞ்சுப் பொடி டப்பா, தைலக் குப்பிகள், ஒரு சாக்லேட் பை, யாருக்கென்று சொல்லாமல் வந்த ஒரு ஜோடி காலுறை. ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த போனுக்குள் என் வீட்டுக்காரர் காதர், சவூதியின் தம்மாமிலிருந்து, தலையில் போட்ட ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணத் தூக்கிக் காட்டு ரஹ்மத்."

தூக்கிக் காட்டினேன்.

"திருப்பு. லைட்டு உள்ள பக்கம். ஆங், அதான். எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு மச்சான்."

"ஆறையும் மாட்டிரு. பொட்டிக்குள்ள ஐஸ் கட்டிரும்."

நான் விசிறியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒட்டியிருந்த சிறு வட்டத் தாளில் பன்னிரண்டு வோல்ட், புள்ளி மூன்று ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. ஆறுக்கும் சேர்த்தால் ஒன்று புள்ளி எட்டு. என் மதர்போர்டில் கேபினெட் விசிறிக்கென்று நாலு நாலு முள்ளாக நிற்கிற இடம் இரண்டு உண்டு. ஒன்று கைக்கு எட்டும். மற்றது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும். ஒரு இடத்தில் ஒரு ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று போர்டோடு வந்த கையேடு சொல்கிறது. கையேட்டை முழுக்கப் படிக்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

"மச்சான், ஆறையும் ஒரே இடத்துல சொருகுனா போர்டு தாங்காது."

"யாரு சொன்னா?"

"ஒரு ஆம்பியருக்கு மேல போவக் கூடாதாம். இது ரெண்டுக்குப் பக்கத்துல வருது."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற யாரிடமோ இந்தியில் என்னவோ சொல்ல, அந்த ஆளும் சிரித்தான்.

"ஒரு ஆம்பியரெல்லாம் ஒரு கணக்கா? இங்கன நாங்க நூறுக்குக் கீழ உள்ள பொட்டியத் திறந்தே பாக்க மாட்டோம். சாகுலக் கூப்பிடு, அவன் மாட்டுவான்."

வியாழனுக்குள் பதில்

விசிறி பற்றி இந்தத் தொடரில் ஒரு அத்தியாயமா என்று கேட்பவர்களுக்கு: அந்த வாரம் அந்தக் கேபினெட்டின் சூட்டில்தான் என் குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

காதர் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்றுக் குழாய் அமைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனி அவரிடம் புது ஒப்பந்தம் ஒன்றை நீட்டியிருந்தது. இன்னும் மூன்று வருஷம். வருகிற வியாழனுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பலாம்.

மகள் நாகர்கோவிலில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். நான் பேட்டை வீட்டு மாடியில் ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். கீழ் வீட்டில் கொழுந்தன் சாகுல் குடும்பம். கோடை ஆரம்பித்ததிலிருந்து என் மெஷின் மதியம் ஆனால் சூடேறித் தானாக அணைந்துகொண்டிருந்தது. காதர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மே மாசம் அது நிக்காம ஓடிட்டுன்னா ஒன் வேல நிலச்சுரும். நானும் வந்து அங்கன ஏதாவது பாத்துக்கிடலாம். அது படுத்துட்டுன்னா நான் கையெழுத்துப் போடத்தான் செய்யணும்."

ஒரு மனிதன் வீட்டுக்கு வருவதை ப்ராசஸரின் சூடு தீர்மானிக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை. விசிறி வாங்கி அனுப்புகிறேன் என்றார். சரி என்றேன்.

கட்டாத வீடுகள்

போன வாரம் நான் கம்ப்யூட்டர் கற்ற கதையை எழுதியிருந்தேன். "உங்கள் வீட்டில் உங்களை விட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விட்டார்கள். அவர் எதிர்பார்த்த சண்டை நடக்கவில்லை, மன்னிக்க வேண்டும். என் வாப்பாவே கூட்டிக்கொண்டு போய் ஜங்ஷனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கே இருந்த ஒரே குறை, கழிவறைக்குக் கதவில்லாததுதான்.

என் வேலை, இன்னும் கட்டாத வீட்டின் முகப்பைப் படமாக்கிக் கொடுப்பது. எலிவேஷன் என்பார்கள். மேலப்பாளையம், ஏர்வாடி, முக்கூடல் என்று எல்லாப் பக்கமும் வெளிநாட்டுக் காசில் வீடு எழும்புகிறது. கட்டுகிறவர் துபாயில் இருப்பார். அவருக்குப் போனில் பார்க்க ஒரு படம் வேண்டும். வெயில் எந்தப் பக்கம் விழும், படிக்கட்டில் எந்தக் கல், மாடிக் கம்பி அழிக்கு என்ன நிறம் என்று எல்லாம் அச்சு அசலாகத் தெரிய வேண்டும். அப்படி ஒரு படத்தை வரைந்து முடித்து, அதை உண்மை போல ஆக்கும்படி மெஷினிடம் சொன்னால் அது மணிக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்க்கும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். சூடு ஏறுவது அப்போதுதான்.

நான் வரைந்த வீடுகளில் பாதி வீடுகளுக்குள் ஆண்கள் கிடையாது. அதையும் கவனித்திருக்கிறேன். வாசலில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்பார்கள், கார் ஓட்டுகிறவர் ரியாத்தில் இருப்பார்.

வாப்பாவின் செம்புக் கம்பி

ஆம்பியரைப் பற்றி எனக்கு இருக்கிற பயம் கையேட்டில் வந்ததல்ல.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டில் பீங்கான் ஃப்யூஸ்தான். விருந்தாளிகள் வந்து எல்லா அறையிலும் ஃபேன் ஓடினால் ஃப்யூஸ் போய்விடும். வாப்பா ஏணியில் ஏறி ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றி மாட்டுவார். விருந்தாளிகள் முன்னால் ஏணி ஏறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் தடித்த செம்புக் கம்பியை நாலு புரியாகத் திரித்து மாட்டினார். அதன் பிறகு எங்கள் வீட்டு ஃப்யூஸ் போனதே இல்லை. தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ராத்தாவின், அதாவது என் அக்காவின், நிச்சயத்தன்று ஃப்யூஸ் போகவில்லை. சுவிட்ச் போர்டு போனது. பிரியாணி மணத்துக்கு நடுவே வேறொரு மணம் வந்தது, சுவரில் கறுப்பாக ஒரு தீற்றல் ஏறியது, மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். நல்ல வேளையாகக் கல்யாணம் நிற்கவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, வீணாகப் போவதற்கென்றே ஒரு மெல்லிய கம்பியை வைத்திருக்கிறார்கள் என்பது. மதர்போர்டில் விசிறி மாட்டுகிற இடத்தில் அப்படி ஒரு கம்பியை நம்ப முடியாது. அளவுக்கு மேல் இழுத்தால் போர்டுக்குள் ஓடுகிற தலைமுடி போன்ற தடமோ, அதை ஆளுகிற சின்னச் சில்லோதான் போகும். அதை ஏணியில் ஏறி மாற்ற முடியாது.

காதருக்கு இது தெரியாதா? அவருக்கு மின்சாரம் என்றால் கட்டைவிரல் கனத்தில் வருகிற கேபிள். அவ்வளவு பெரிய கட்டடங்களில் புழங்கியவருக்கு என் போர்டு கண்ணுக்கே தெரியவில்லை.

காட்டுகிற முறை

இருந்தும் நான் ஏன் மாட்டவிட்டேன் என்றால், எங்கள் பக்கத்துப் பார்சலுக்கு ஒரு முறை உண்டு.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவரிடம் சாமான் கொடுத்துவிடுவார்கள். வந்ததைப் பிரித்தால் மட்டும் போதாது. அனுப்பியவர் கண்ணால் பார்க்கும்படி அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். சட்டை வந்தால் போட்டுக்கொண்டு போன் முன்னால் நிற்க வேண்டும். சாக்லேட் வந்தால் மென்று காட்ட வேண்டும். ஒரு தடவை காதர் அனுப்பிய மிக்ஸியில் ஒன்றும் இல்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றி அரைத்துக் காட்டியிருக்கிறேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த மனிதனுக்கு வீட்டில் கிடைக்கிற இடமே அந்தக் கொஞ்ச நேரம்தான். ஆறு விசிறியில் இரண்டைப் பெட்டியோடு பரணில் போட்டால், அவரையே பரணில் போட்ட மாதிரி எடுத்துக்கொள்வார்.

சாகுல் மறுநாள் காலை திருப்புளியோடு வந்தான். கை ராசிக்காரன், ஆனால் அவசரக்காரன். பேட்டைப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர்.

"மைனி, ஒரு சாக்கெட்டுல ரெண்டு மாட்டுத கம்பி வாங்கியாந்திருக்கேன். ஒண்ணு ரெண்டாக் கிளைக்கும், அதுல மறுபடி ரெண்டு ரெண்டா. ஆறும் ஒரே இடத்துல அடங்கிரும்."

"மூணு மூணாவாவது பிரிச்சுப் போடு சாகுல். கார்டுக்கு அடியில இன்னொரு இடம் இருக்கு."

"கார்டக் கழத்துனா அண்ணன் வைவான். வெல கூடுன சாமான்."

போனில் காதர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே, லைட்டு தெரியுத மாதிரி மாட்டு. எல்லாம் வெளிய பாக்கணும்."

முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று. எல்லாம் விளக்கு முகம் வெளியே பார்க்கும்படி. பொத்தானை அமுக்கியதும் ஆறும் ஒரே நேரத்தில் ஊதா நிறத்தில் சுற்ற ஆரம்பித்தன. கல்யாண வீட்டுப் பந்தல் போல இருந்தது. சாகுல் கேபினெட்டைத் தூக்கிப் போனுக்கு நாலு பக்கமும் காட்டினான். காதர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. எனக்கும் அந்த நேரம் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

திரையில் பார்த்தேன். ஆறு விசிறி சுற்றினாலும் போர்டுக்கு ஒன்றின் வேகம்தான் தெரிகிறது. கிளைக் கம்பியில் ஒரு விசிறிதான் பேசும். மற்ற ஐந்தும் சுற்றுகின்றனவா, நின்றுவிட்டனவா என்று போர்டுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மதியம்

முக்கூடல் இன்ஜினியர் அண்ணாச்சி ஒருவர் எனக்குத் தொடர்ந்து வேலை தருவார். ஆற்றோரமாக ஒரு வீடு. சொந்தக்காரர் மறுநாள் விமானம் ஏறுகிறார், அதற்குள் முகப்பை முடிவு செய்ய வேண்டும். ரெண்டரிங் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப் பட்டறையில் வெல்டிங் பிடித்தார்கள். எப்போதும் போல் ட்யூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டியது. கரண்ட் போகவில்லை.

நான் சோற்றுக்கு உட்கார்ந்தேன். மணம் வந்தது. ராத்தா நிச்சயத்தன்று வந்த அதே மணம், அளவு மட்டும் சிறியது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது ஊதா விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. ஆறும் நின்றிருந்தன. ப்ராசஸர் மேல் இருக்கிற விசிறி மட்டும் தனியாகச் சுழன்று, இருந்த சூட்டையே திருப்பித் திருப்பிக் கலக்கிக்கொண்டிருந்தது. நான் அணைப்பதற்கு முன்னால் மெஷினே அணைந்துகொண்டது.

போன் வந்தது. "தங்கச்சி, படம் ஆச்சா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. மெஷின் நின்னுட்டு."

"பைய அனுப்புங்க, ஒண்ணுமில்ல. அவரு நாளைக்குக் காலையில கிளம்புதாரு, அதான்."

பைய என்றால் நிதானமாக என்று பொருள். அண்ணாச்சி சொன்ன தொனியில் அதற்குப் பொருள் இன்று மாலைக்குள் என்பது.

கேபினெட்டின் கண்ணாடியைக் கழற்றினேன். விசிறி சொருகியிருந்த வெள்ளைச் சாக்கெட்டின் ஓரம் தேன் நிறத்தில் உருகியிருந்தது. கம்பிகளை எல்லாம் பிடுங்கி, மேசை ஃபேனைக் கேபினெட் முன்னால் வைத்து, மெஷினைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். போர்டு உயிரோடுதான் இருந்தது. அந்த ஒரு இடம் மட்டும் செத்துவிட்டது. மேசை ஃபேன் புண்ணியத்தில் படம் மாலையில் போய்ச் சேர்ந்தது.

காதரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, ராத்திரி கூப்பிட்டதும் முதலில் விளக்கைத்தான் கேட்பார்.

நான் அனுப்பிய, உருகிய சாக்கெட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

"நீ சொன்னே" என்றார். பிறகு, "அப்பம் கையெழுத்துப் போட்டுரட்டுமா?"

"உங்க இஷ்டம்" என்றேன்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் சொல்கிற பதில் இதுதான். வா என்று சொல்ல மாட்டார்கள். வந்தவருக்கு ஊரில் வேலை அமையாவிட்டால், கடை வைத்து நொடித்துவிட்டால், "நீதானே வரச் சொன்னே" என்று ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்குப் பயந்து வருஷங்களை அனுப்பிவைப்பார்கள். போ என்றும் சொல்வதில்லை. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் யார் தலையிலும் பழி விழாது. கல்யாணமானதிலிருந்து நானும் அதையேதான் சொல்லிவந்தேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

தனிச் சோறு

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஜங்ஷன் போனேன். கம்ப்யூட்டர் சாமான் கடை அண்ணாச்சி இன்னும் இரண்டு கிளைக் கம்பியை எடுத்து நீட்டினார்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. ஃபேன் ஹப்பு வேணும். எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா கரண்டு எடுக்குத மாதிரி."

"அதை யாரும் கேக்க மாட்டாவளே" என்று சொல்லிக்கொண்டே ஏணி போட்டு எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

ஹப் என்பது சோப்புப் பெட்டி அளவில் ஒரு பலகை. விசிறிகள் எல்லாம் அதில் சொருகும். மின்சாரத்தை அது மதர்போர்டிடம் கேட்பதில்லை. வீட்டு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து, ஹார்ட் டிஸ்குக்குப் போகிற மாதிரியான தட்டைக் கேபிள் ஒன்றை நேராக எடுத்துக்கொள்ளும். போர்டுக்கு ஒரே ஒரு மெல்லிய கம்பிதான் போகும். வேகமாகச் சுற்று, மெதுவாகச் சுற்று என்று போர்டு அதன் வழியே சொல்லும். அதிகாரம் போர்டுக்கு, சோறு வேறு இடத்தில். பல கூட்டுக் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்யலாம்.

மெஷினை அணைத்து, சுவரிலிருந்து கேபிளைப் பிடுங்கி, இரும்பு அலமாரியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்றுதான். சாகுல் பயந்த கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அடியில் ஒளிந்திருந்த இரண்டாவது இடத்தில் ஹப்பின் மெல்லிய கம்பியைச் சொருகினேன்.

ஆறும் சுற்றின. மணம் இல்லை, சூடான சாக்கெட் இல்லை. ரெண்டரிங் போட்டேன். ப்ராசஸரின் சூடு எண்பதைத் தாண்டி ஏறியது. தொண்ணூறை எட்டியதும் மெஷின் அணைந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. மின்சாரம் சரியாக இருக்கிறது, விசிறி சரியாக இருக்கிறது, சூடு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. மறுநாள் புதன்.

ஊதுபத்தி

புதன்கிழமை மதியம் நானே அவரைக் கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளை. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த குபூஸ் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"ஊதுபத்தி இருக்கா?"

"யாசீன் ஓதுறதுக்கு வாங்குனது இருக்கு."

"ஒண்ணக் கொளுத்து. முதல்ல மேல ஓடுத ஃபேன நிப்பாட்டு. ஜன்னலச் சாத்து. பொட்டிய ஓட விடு."

மே மாத மதியம் பேட்டையில் ஃபேனை நிறுத்தி ஜன்னலையும் சாத்தினால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"முன்னால பிடி. பக்கத்துல இல்ல, ஒரு சாண் தள்ளி. புகை எங்க போவுது?"

"உள்ள போவுது."

"சரி. மேல பிடி. கைய ஆட்டாத."

மேலேயும் புகை உள்ளே போனது.

"பின்னால."

பின்னாலும் உள்ளே போனது.

அவர் தலையை ஆட்டினார். குரல் மாறிவிட்டது. அவசரம் இல்லை, கேலி இல்லை, ஒவ்வொரு சொல்லும் அளந்து வந்தது. "ஆறும் உள்ள இழுக்குது. வெளிய தள்ள ஒண்ணுகூட இல்ல. சூடு எந்த வழியாப் போவும்? லைட்டு மூஞ்சி இழுக்குத பக்கம் ரஹ்மத். எல்லா லைட்டும் வெளிய தெரியணும்னு நான்தானே சொன்னேன்."

போனுக்குக் காட்டுவதற்காக மாட்டிய விசிறிகள். அவருடைய வேலையிடத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் வைதிருப்பார். அன்றைக்கு யாரை வைவது என்று தெரியாமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"மேல உள்ள ரெண்டையும் கழத்தி வை. முன்னால நடுவுல உள்ளதையும் கழத்து. பின்னால இருக்கிறதத் திருப்பி மாட்டு, அசிங்கமான பக்கம் வெளிய வரட்டும். மூணு போதும்."

"ஆறு அனுப்புனிய."

"மூணு போதும்ங்கேன்."

நான் கழற்றினேன், திருப்பினேன். திருகாணி கையில் வழுக்கியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்ப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்தவர் விடுமுறைக்கு வந்த ஆள், வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு விருந்துக்குப் போகிற ஆள், போன் பெட்டிக்குள் ஹெல்மெட் போட்ட ஆள். காற்று எந்தப் பக்கம் போகும் என்று மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து புகையை வைத்துச் சொல்கிற இந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இத்தனை வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

"மூணுன்னா புள்ளி ஒம்போதுதானே. ஹப்பு இல்லாம போர்டுலயே மாட்டிரலாமா?" என்று அவர்தான் கேட்டார்.

"கிளம்பும்போது தாள்ல உள்ளதுக்கு மேல இழுக்கும் மச்சான். தலையத் தட்டுத கணக்கு வேண்டாம். ஹப்புலயே இருக்கட்டும்."

"சரி. அது ஒன் கணக்கு."

ஊதுபத்தியைத் திரும்பப் பிடித்தேன். முன்னால் நுழைந்த புகை, கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு கோடாக வெளியே வந்தது. ரெண்டரிங் போட்டோம். இரண்டு பேரும் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எழுபதுக்குக் கீழே வந்து அது அங்கேயே நின்றுவிட்டது.

"ஓடிரும்" என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை.

"என்ன மச்சான்?"

"மெஷின் ஓடுனா வாறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்பம் அது நல்லா ஓடுது. நீ ஹப்பு வாங்கி மாட்டிட்டே, கார்டக் கழத்திட்டே. புள்ள படிக்கி. எல்லாம் நடக்குதுல்லா. நான் வந்து அங்கன என்ன செய்யப் போறேன்?" ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை நிறைய நரைத்திருந்தது. "நாளைக்குப் பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

உங்க இஷ்டம் என்ற சொல் வாய் வரை வந்தது. பழக்கம் அப்படி. அறைக்குள் புகை நிறைந்து கண் எரிந்தது.

"மெஷினுக்கு நீங்க வேண்டாம்" என்றேன். "எனக்கு வேணும். வந்துருங்க மச்சான். இங்கன வேல அமையாட்டா நான்தான் வரச் சொன்னேன்னு எல்லார்ட்டயும் சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கோ மேலே பார்த்தார்.

"மேல ஃபேனப் போடு" என்றார். "வேர்த்து ஊத்துது ஒனக்கு." அதோடு போனை வைத்துவிட்டார்.

வியாழன் முழுக்க அழைப்பு இல்லை. இரண்டு வீட்டு முகப்பை முடித்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம். நடந்துகொண்டே பேசியிருக்கிறார்.

"மேனேஜர்ட்டச் சொல்லிட்டேன். என்ன காரணம்னு கேட்டான். ஒடம்புக்கு முடியலன்னு சொல்லுவோம்னுதான் போனேன், வாயில வரல. வீட்டுல வரச் சொல்லுதான்னேன். இதுக்கா வேலய விடுதேன்னு கேட்டான். இதுக்குத்தான்னேன்."